சைனீஸ் டீ: அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

சூப்பர் மார்க்கெட் கிரீன் டீ பாக்கெட்டைத் தாண்டி சைனீஸ் டீ பக்கம் வர்றவங்க கேக்குற கேள்விங்க திரும்பத் திரும்ப ஒண்ணாத்தான் இருக்கு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன். நான் டீ விக்கிறவன் இல்ல, பல வருஷமா ஆசையா குடிச்சிட்டும் படிச்சிட்டும் இருக்கிறவன். சில இடத்துல என் சொந்தக் கருத்தும் வரும், அதை அப்படியே சொல்லிடறேன்.

கிரீன் டீ, ஊலோங், பு-எர் இதெல்லாம் வேற வேற செடியா?

எல்லாமே கமெல்லியா சினென்சிஸ்ங்கிற ஒரே செடிதான். அதுல ரெண்டு பெரிய பிரிவு, சின்ன இலை வச்ச சினென்சிஸ், பெரிய இலை வச்ச அஸ்ஸாமிகா. சீனாவோட கிழக்குப் பக்கம் ஃபூஜியன், ஜெஜியாங், ஆன்ஹுய் மாகாணங்கள்ல சின்ன இலை, தென்மேற்கு மூலைல யுன்னான்ல பெரிய இலை. இதுக்குள்ள ஏகப்பட்ட ரகங்கள் இருக்கு, ரகம் மாறினா வாசனை மாறும், ஆனா ஒரு டீ கிரீனா ஊலோங்கா சிவப்பான்னு முடிவாகுறது பறிச்ச பிறகு அந்த இலைக்கு என்ன பண்றாங்கங்கிறதுலதான். பறிச்ச கொழுந்து சும்மா கிடக்காது, உள்ள இருக்கிற என்சைம் காத்தோட சேந்து இலையைப் பழுப்பாக்கிட்டே போகும், இதுக்குப் பேருதான் ஆக்ஸிடேஷன், அதை உடனே நிறுத்தினா ஒரு டீ, பாதில நிறுத்தினா ஒரு டீ, கடைசி வரைக்கும் விட்டா இன்னொரு டீ. இது மட்டும் புரிஞ்சிட்டா பாக்கி பேரெல்லாம் தானா மண்டைல ஏறிடும்.

ஆறு வகைன்னு சொல்றாங்களே, அது எப்படிப் பிரிச்சது?

இப்ப எல்லாரும் சொல்ற கணக்கு 1979ல சென் சுவான்ங்கிற ஆன்ஹுய் பேராசிரியர் போட்டது. கிரீன், யெல்லோ, ஒயிட், ஊலோங், சிவப்பு, டார்க். பறிச்சதும் சூடு காட்டி என்சைமை அடக்கினா கிரீன். அடக்கின பிறகு ஈரச் சூட்டோட கொஞ்சம் மூடி வச்சா யெல்லோ. சூடு காட்டாம வாட்டிக் காயப்போட்டா ஒயிட். இலையோட ஓரத்தை மட்டும் கசக்கிப் பாதி ஆக்ஸிடேஷன் ஆனதும் நிறுத்தினா ஊலோங். நல்லா உருட்டி முழுசா ஆக விட்டா சிவப்பு. இதுக்கப்புறம் நுண்ணுயிர் உள்ள வந்து வேலை செஞ்சா டார்க்.

ஒரு குழப்பம் மட்டும் இங்கயே தீத்துடலாம். நாம பிளாக் டீன்னு சொல்றதைத்தான் சீனாவுல சிவப்பு டீன்னு சொல்றாங்க. அவங்க கறுப்பு டீன்னு சொல்றது பு-எர் மாதிரி புளிக்க வச்ச வகையை, அதைத்தான் நான் டார்க் டீன்னு எழுதறேன். ஆன்லைன்ல வாங்கும்போது இது தெரியலன்னா வேற டீ வந்து சேரும்.

ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான் இலையைத் தண்ணில போட்டுக் குடிச்சாங்களா?

இல்லவே இல்ல. தாங் வம்சக் காலத்துல, அதாவது 8ம் நூற்றாண்டுல லூ யூ எழுதின டீ நூல் இருக்கு, உலகத்துலயே டீக்குன்னு எழுதின முதல் நூல்னு அதைத்தான் சொல்றாங்க. அவர் காலத்துல டீயை அவிச்சு இடிச்சு வில்லையா தட்டி, அப்புறம் அதை வாட்டிப் பொடிச்சு, கொதிக்கிற தண்ணில லேசா உப்புப் போட்டுக் காய்ச்சினாங்க. அடுத்து வந்த சோங் வம்சக் காலத்துல அந்தப் பொடியைக் கிண்ணத்துல போட்டு வெந்நீர் ஊத்தி மூங்கில் மத்தால நுரை வர அடிச்சுக் குடிச்சாங்க, ஜப்பான் மாச்சாவோட வேர் அங்கதான் இருக்கு. 1391ல மிங் வம்சத்து முதல் பேரரசர் ஹோங்வு, அரண்மனைக்கு இனிமே வில்லை டீ அனுப்பாதீங்க, இலையாவே அனுப்புங்கன்னு உத்தரவு போட்டார், வில்லை செய்ய மக்கள் படுற பாடு அவ்வளவு. அதுக்கப்புறம்தான் முழு இலையை ஊற வச்சுக் குடிக்கிற பழக்கம் ஊர் முழுக்கப் பரவுச்சு, சட்டில வறுக்கிற கலையும் அதோட வளந்துச்சு. ஊலோங், சிவப்பு டீ எல்லாம் அதுக்கும் பின்னாடி வந்ததுங்க.

லோங்ஜிங் ஏன் அவ்வளவு விலை?

லோங்ஜிங் ஹாங்சோ நகரத்துல மேற்கு ஏரியைச் சுத்தி இருக்கிற மலைல விளையற கிரீன் டீ. விலைக்கு முதல் காரணம் காலண்டர். சீனாவுல ஏப்ரல் 4, 5 வாக்குல சிங்மிங்னு ஒரு நாள் வரும், முன்னோர் சமாதிக்குப் போய் சுத்தம் பண்ணிக் கும்பிடுற நாள். அதுக்கு முன்னாடி பறிச்ச கொழுந்துக்கு ஒரு விலை, அதுலேர்ந்து ஏப்ரல் 20 வாக்குல வர்ற குயூ வரைக்கும் பறிச்சதுக்கு அடுத்த விலை, அதுக்கப்புறம் விலை சரிஞ்சிடும். குளிர்காலம் பூரா செடி சேத்து வச்ச சத்து முதல் கொழுந்துல இருக்கும், அமினோ அமிலம் ஜாஸ்தி, துவர்ப்பு கம்மி.

ரெண்டாவது காரணம் கை வேலை. கொழுந்தைப் பறிச்சதும் மூங்கில் தட்டுல பரப்பி சில மணி நேரம் விடுவாங்க, கொஞ்சம் ஈரம் போயி பச்சை நெடி அடங்கும். அப்புறம் சூடான இரும்புச் சட்டி, அதுல டீ செய்றதுக்குன்னே இருக்கிற மெழுகுக் கொழுப்பை லேசா தடவிட்டு ஒரு கைப்பிடி கொழுந்து போடுவாங்க. கரண்டி கிடையாது, வெறுங்கைதான். அள்ளி, உதறி, சட்டிச் சுவர்ல அழுத்தி, வழிச்சு மேல கொண்டு வந்து, திரும்ப அழுத்தி, கையும் இலையும் ஒட்டியே போகும், இலைக்கு நடுவுல இருக்கிறதால கை நேரா இரும்புல படாது, ஆனா புதுசா கத்துக்கிறவங்களுக்குக் கொப்புளம் நிச்சயம். ஒருமுறை வறுத்ததும் வெளிய எடுத்து ஆற விடுவாங்க, நடுவுல இருக்கிற ஈரம் ஓரத்துக்கு வரும், அப்புறம் ரெண்டாவது வறுவல்ல சூட்டைக் குறைச்சு அழுத்தத்தைக் கூட்டி அந்தத் தட்டையான வடிவத்துக்குக் கொண்டு வருவாங்க. ஒரு கிலோ டீக்கு நாலஞ்சு கிலோ பச்சைக் கொழுந்து வேணும்னா பாத்துக்கங்க. இப்ப நிறைய இடத்துல மெஷின் வறுவல்தான், அதுவும் குடிக்க நல்லாவே இருக்கு, கை வறுவல்னு சொல்லி மெஷின் டீயை விக்கிறதுதான் தப்பு.

மூணாவது, இடம். மேற்கு ஏரி லோங்ஜிங்னு பேரு போட சட்டப்படி வரையறுத்த பகுதி 168 சதுர கிலோமீட்டர்தான். வெளிய ஜெஜியாங் மாகாணத்துலயே விளையற லோங்ஜிங்குக்கு விலை ரொம்பக் கம்மி, ஆரம்பிக்கிறவங்க அதை வாங்கினா போதும்ங்கிறது என் எண்ணம்.

வேற எந்த கிரீன் டீ குடிச்சுப் பாக்கணும்?

சூசோ பக்கம் தாய்ஹு ஏரிக்கரை மலைல விளையற பி லுவோ சுன், சுருண்டு சுருண்டு வெள்ளை முடியோட ரொம்பப் பொடிசா இருக்கும், பழ மரங்களுக்கு நடுவுல வளர்றது. இதுக்கு முதல்ல டம்ளர்ல தண்ணி ஊத்திட்டு மேல இலையைத் தூவணும், மெதுவா அடியில இறங்கும், பாக்கவே நேரம் போறது தெரியாது. ஆன்ஹுய் மாகாணத்துலேர்ந்து மூணு சொல்லணும், ஹுவாங்ஷான் மாவ்ஃபெங், விரல் நீளத்துக்குத் தட்டையா அழுத்தின தாய்பிங் ஹோவ்குயி, அப்புறம் மொட்டே இல்லாம இலையை மட்டும் வச்சு செய்ற லியுவான் குவாபியன். எல்லாரும் மொட்டு மொட்டுன்னு அலையும்போது இந்தக் கடைசி டீ வளந்த இலையை வச்சே பேர் வாங்கிருக்கு, எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆன்ஜி பாய்சா பேருல ஒயிட் டீ, உண்மைல கிரீன் டீ, வசந்த காலக் குளிர்ல அந்தச் செடியோட கொழுந்து வெளிறிப் போறதால வந்த பேரு.

யெல்லோ டீ எங்கயுமே கிடைக்கலையே?

கிடைக்காது, செய்றவங்களே கம்மி. ஹுனான்ல தோங்திங் ஏரி நடுவுல இருக்கிற ஜுன்ஷான் தீவோட வெள்ளி ஊசி, சிச்சுவான் மெங்திங் மலை ஹுவாங்யா, ஆன்ஹுய்ல ஹுவோஷான் ஹுவாங்யா, இவ்வளவுதான் பேர் சொல்ற மாதிரி. கிரீன் டீ வேலையோட கூடுதலா ரெண்டு மூணு நாள் மூடி வைக்கிற வேலையும் இருக்கு, விலை அதுக்கேத்த மாதிரி ஏறுறதில்ல, அதனால பல பேரு கிரீன் டீயாவே செஞ்சு வித்துடறாங்க.

ஒயிட் டீ பழசாக ஆக மருந்துன்னு சொல்றாங்களே?

ஃபூஜியன்ல ஃபூதிங், ஜெங்ஹே, இந்த ரெண்டு ஊருதான் ஒயிட் டீக்குத் தாய்வீடு. மொட்டு மட்டும் எடுத்தா வெள்ளி ஊசி, மொட்டும் ஒண்ணு ரெண்டு இலையும்னா பாய் மூதான், வளந்த இலைன்னா ஷோவ் மேய். வறுக்கிறது உருட்டுறது எதுவுமே இல்ல, வாட்டிக் காயப்போடுறது மட்டும்தான், கேக்க ஈஸியா இருக்கும் ஆனா ரெண்டு நாள் மழை பிடிச்சா மொத்தமும் கறுத்துடும். ஒரு வருஷம் டீ, மூணு வருஷம் மருந்து, ஏழு வருஷம் பொக்கிஷம்னு அங்க ஒரு சொலவடை இருக்கு. வச்சா ருசி மாறும்ங்கிறது நிஜம், பச்சைப் புல் வாசனை போயி பேரீச்சம்பழம், காய்ஞ்ச மூலிகை வாசனை வரும், காய்ச்சிக் கூடக் குடிக்கலாம். மருந்துங்கிறதை மட்டும் நம்பி வாங்காதீங்க. இந்தச் சொலவடையை வச்சே ஏகப்பட்ட வியாபாரம் ஓடுது, புது டீயைச் சூட்டுல வச்சுக் கறுப்பாக்கிப் பழசுன்னு விக்கிறவங்களும் இருக்காங்க.

ஊலோங்னா ஒரே ருசியா இருக்குமா?

இருக்கவே இருக்காது, ஆறு வகைல மனசு விட்டுப் பேசணும்னா நான் இங்கதான் நிப்பேன். ஊலோங் செய்றது ராத்திரி முழுக்கத் தூங்காத வேலை. பறிச்ச இலையை வெயில்ல வாட்டி, உள்ள கொண்டு வந்து மூங்கில் தட்டுல குலுக்குவாங்க, இலையோட ஓரம் மட்டும் நசுங்கும், அப்புறம் அப்படியே விட்டுடுவாங்க, ஒரு மணி ரெண்டு மணி நேரம் கழிச்சுத் திரும்பக் குலுக்கல். இப்படியே விடிய விடிய. ஓரம் சிவக்கும், நடு பச்சையாவே இருக்கும், வாசனையும் மாறிட்டே வரும், முதல்ல பச்சைப் புல், அப்புறம் பூ, அப்புறம் பழம். செய்றவர் தட்டுக்குள்ள மூக்கை வச்சு மோந்து பாத்து இப்போன்னு சொல்றப்ப நிறுத்தணும், அரை மணி முந்தினாலும் பிந்தினாலும் டீ வேற.

வடக்கு ஃபூஜியன்ல வூயி மலை, பாறை இடுக்குல விளையற டீ, கரித் தணல்ல சாம்பல் மூடி மூங்கில் கூடைல வச்சு மணிக்கணக்கா வாட்டுவாங்க. இங்க ரோவ் குயி வாங்கினா பட்டை மாதிரி காரசாரமான வாசனை, ஷுய் சியன் வாங்கினா பழைய மரக்கட்டையும் பூவும் கலந்த வாசனை. வாட்டினதும் குடிக்கக் கூடாது, நெருப்பு வாடை அடங்க சில மாசம் விடணும். தெற்கு ஃபூஜியன்ல ஆன்சி ஊரு தியே குவான் யின், துணில மூட்டை கட்டி உருட்டி உருட்டி மணி மணியா ஆக்கினது. இப்போ மார்க்கெட்ல அதிகம் வர்றது பச்சையா பூ வாசனை தூக்கலா இருக்கிறது, பழைய பாணில நல்லா வாட்டினதும் தேடினா கிடைக்கும், எனக்கு இந்தப் பழைய பாணிதான்.

குவாங்தோங்ல சாவ்சோ நகரத்துக்கு மேல ஃபெங்ஹுவாங் மலை, அங்க தான்சோங். ஒவ்வொரு மரத்து வாசனைக்கும் ஒரு பேரு, தேன் ஆர்க்கிட் வாசனைன்னு ஒண்ணு, வாத்து எச்ச வாசனைன்னு ஒண்ணு. அந்த ரெண்டாவது குடிச்சா அவ்வளவு அருமையான பூ மணம், நல்ல ரகத்தை ஊர்க்காரங்க யாரும் கிளை ஒடிச்சிட்டுப் போயிடக் கூடாதுன்னு தோட்டக்காரர் வேணும்னே அப்படிப் பேரு சொன்னார்னு கதை.

தைவான்லயும் ஃபூஜியன்லேர்ந்து போனவங்க கொண்டு போன ஊலோங் தனியா வளந்து நிக்குது. அதுல ஓரியன்டல் பியூட்டிங்கிற டீக்கு வெயில் காலத்துல பச்சைத் தத்துப்பூச்சி வந்து கொழுந்தைக் கடிக்கணும், கடிபட்ட செடி தன்னைக் காப்பாத்திக்கச் சுரக்கிற பொருள்தான் அந்தத் தேன் வாசனை. பூச்சி வேணும்ங்கிறதால மருந்தடிக்க முடியாது.

டா ஹோங் பாவ் 20 கிராம் லட்சக்கணக்குல வித்துச்சே, நிஜமா?

நிஜம்தான். டா ஹோங் பாவ், மேல சொன்ன வூயி மலைப் பாறை ஊலோங்ல ஒண்ணு. அங்க ஜியுலோங்கேங்கிற இடத்துப் பாறைச் சுவர்ல கல்லடுக்கி வச்ச மேடைல ஆறு தாய்ச் செடிங்க இருக்கு. அதுல பறிச்ச 20 கிராம் 2002 ஏலத்துல 1,80,000 யுவானுக்குப் போச்சு. 2006லேர்ந்து அந்தச் செடிங்கள்ல பறிக்கிறதையே நிறுத்திட்டாங்க, கடைசியா 2005ல பறிச்சதுல 20 கிராம் பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்துல இருக்கு. அதனால கடைல தாய்ச் செடி டீன்னு யாராவது நீட்டினா நகந்துடுங்க. கடைல விக்கிற டா ஹோங் பாவ்ல பெரும்பாலானது பல பாறை டீயைக் கலந்து வாட்டினது, சிலது அந்தச் செடிலேர்ந்து குச்சி வச்சு வளத்த ரகம். கலவைங்கிறதால மட்டம்னு நினைக்க வேண்டாம், கலக்குறதும் ஒரு கைப்பக்குவம்தான்.

சிவப்பு டீ நம்ம ஊர் டீ மாதிரி ஸ்ட்ராங்கா இருக்குமா?

பாலுக்குத் தாங்குற மாதிரி பொடிச்சு செய்றது இல்ல, முழு இலை, அதனால தனியா குடிச்சா இனிப்பாவே இருக்கும். வூயி மலைல தோங்மு கிராமத்துலதான் 17ம் நூற்றாண்டு வாக்குல முதல் சிவப்பு டீ வந்துச்சுன்னு பொதுவா சொல்றாங்க, பைன் விறகுப் புகைல காய வச்ச லாப்சாங் சூச்சாங். அதே கிராமத்துல 2005ல மொட்டை மட்டும் வச்சு ஜின் ஜுன் மேய்னு ஒண்ணு செஞ்சாங்க, விலை எங்கயோ போயிடுச்சு, பேரைப் பாத்து போலி வாங்குறதும் அதுலதான் அதிகம். ஆன்ஹுய்ல சிமென் மாவட்டம் அதுவரைக்கும் கிரீன் டீ ஊரு, 1875 வாக்குல சிவப்பு டீக்கு மாறி, கீமுன்ங்கிற பேருல இங்கிலீஷ்காரங்க பிரேக்ஃபாஸ்ட் டீக்குள்ள வரைக்கும் போச்சு.

யுன்னான் சிவப்பு டீயோட கதை போர்லேர்ந்து வந்தது. 1930கள் கடைசில ஜப்பான் படை கிழக்குச் சீனாவைப் பிடிச்சதும் ஏற்றுமதி டீ ஊருங்க கைவிட்டுப் போச்சு, அந்நியச் செலாவணி வேணும், அதனால ஃபெங் ஷாவ்சியுன்னு ஒரு டீ நிபுணரை யுன்னானுக்கு அனுப்பினாங்க. அவர் இன்னைக்கு ஃபெங்சிங்னு சொல்ற ஊர்ல பெரிய இலைச் செடியை வச்சு சிவப்பு டீ செஞ்சு 1939ல ஏற்றுமதி ஆரம்பிச்சார். தங்கக் கலர் மொட்டு, தேனும் கோகோவும் கலந்த வாசனை, விலையும் கையைக் கடிக்காது. பால் டீலேர்ந்து வர்றவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இந்த தியன் ஹோங்தான்.

பு-எர் ஏன் மண் வாசனை அடிக்குது? பச்சை பு-எர், பழுத்த பு-எர்ங்கிறாங்களே, என்ன வித்தியாசம்?

ரெண்டுமே யுன்னான் பெரிய இலை, ரெண்டுக்கும் ஆரம்பம் ஒண்ணுதான், சட்டில மிதமா வறுத்து, உருட்டி, வெயில்ல காயப்போட்டது. அதை ஆவில இளக்கித் துணிப்பைல போட்டுக் கல்லால அழுத்தி வட்டமா ஆக்கினா ஷெங், அதாவது பச்சை. ஒரு வட்டம் 357 கிராம், ஏழு வட்டத்தை மூங்கில் பட்டைல கட்டினா ஒரு தோங், கிட்டத்தட்ட 2.5 கிலோ, பன்னெண்டு தோங் ஒரு சுமை, 30 கிலோ. இந்தப் பச்சை பு-எர் வருஷக்கணக்குல மெதுவா மாறும். புதுசுல நல்லாக் கசக்கும், ஆனா நெல்லிக்காய் தின்னுட்டுத் தண்ணி குடிச்ச மாதிரி கசப்பு போன கையோட தொண்டைல ஒரு இனிப்பு ஏறி வரும், சீனாக்காரங்க தரம் பாக்குறதே அந்த இனிப்பு எவ்வளவு நேரம் நிக்குதுன்னுதான்.

ஷூ, அதாவது பழுத்தது, வெறும் அம்பது வருஷக் கதை. ஹாங்காங்ல பழைய பு-எருக்கு நல்ல கிராக்கி, அத்தனை வருஷம் யாரு காத்திருக்கிறது, அதனால 1973ல குன்மிங் டீ ஃபாக்டரில இலையை மீட்டர் உயரத்துக்குக் குவிச்சு, தண்ணி தெளிச்சு, மூடி, உள்ள சூடு ஏற ஏறக் கிளறி விட்டு, ஒண்ணரை மாசம் ரெண்டு மாசத்துல கறுப்பாக்கிற முறையைக் கொண்டு வந்தாங்க. அந்த மண் வாசனை இந்தக் குவியல்லேர்ந்து வர்றது. புது ஷூல தூக்கலா இருக்கும், ரெண்டு மூணு வருஷம் காத்தாட வச்சா பெரும்பாலும் போயிடும், மீன் வாடையோ பூஞ்சை வாடையோ போகாம நின்னா அது மட்டமான சரக்கு.

முதலீடா வாங்கி வைக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு, வேண்டாம். 2007ல பு-எர் விலை ஏறு ஏறுன்னு ஏறி அதே வருஷம் தலைகுப்புற விழுந்துச்சு, நிறைய பேரு காசு போச்சு. குடிக்க வாங்குங்க. ஜிங்மாய் மலைல காட்டு மரங்களுக்கு நடுவுல நூத்தாண்டுக் கணக்கா புலாங், தாய்னு ரெண்டு இன மக்கள் காப்பாத்தி வச்ச டீக்காடு 2023ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேந்துச்சு, அந்த மாதிரி மரத்து டீயைக் கொஞ்சமா வாங்கி ருசி பாத்தீங்கன்னா அந்தப் பணம் வீணாகாது.

பு-எர் தவிர டார்க் டீ இருக்கா?

நிறைய. மலேசியாக்காரங்களுக்கு லியு பாவ் தெரிஞ்சிருக்கும், தெற்குச் சீனாவுல குவாங்சி பகுதியோட டீ, ஈப்போ பக்கம் கிந்தா பள்ளத்தாக்குல ஈயச் சுரங்கத்துல வேலை செஞ்ச சீனத் தொழிலாளிங்க தினம் குடிச்சது. இன்னைக்கும் பழைய லியு பாவ் தேடுறவங்க மலேசியாலதான் தேடுறாங்க. ஹுனான்ல ஆன்ஹுவா ஊரு ஃபூ செங்கல் டீயை உடைச்சா உள்ள மஞ்சள் புள்ளி புள்ளியா இருக்கும், அது தங்கப்பூன்னு சொல்ற ஒரு நல்ல பூஞ்சை, வேணும்னே வளக்கிறது. மஞ்சளா பொடிப் பொடியா இருந்தா சரி, பச்சையாவோ கறுப்பாவோ பஞ்சு மாதிரி படந்திருந்தா தூக்கிப் போட்டுடுங்க.

ஜாஸ்மின் டீல எசன்ஸ் ஊத்துறாங்களா? உள்ள பூவே காணோமே?

மட்டமானதுல எசன்ஸ் ஊத்துவாங்க. நல்லதுல பூ இருக்காது, இருக்கவும் தேவையில்ல. அதுக்குப் போடுற பூ நம்ம குண்டு மல்லி, ஜாஸ்மினம் சம்பக், மதுரை மல்லியும் இதே இனம்தான். இந்தப் பூவே இந்தியா பக்கத்துலேர்ந்து ரொம்பக் காலம் முன்னாடி சீனாவுக்குப் போனதுன்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல விடியக்காலைல மொட்டைப் பறிச்சு மார்க்கெட்டுக்கு அனுப்புவோம், ஜாஸ்மின் டீக்குப் பேர் போன ஃபூஜியன் மாகாணத்து ஃபூசோ நகரத்துல மத்தியான வெயில்ல பறிப்பாங்க, அன்னைக்கு ராத்திரி விரியப்போற மொட்டா பாத்து.

வசந்த காலத்துல செஞ்ச கிரீன் டீயை எடுத்து வச்சு வெயில் காலப் பூவுக்காகக் காத்திருப்பாங்க. சாயங்காலம் மொட்டு லேசா வாய் திறக்க ஆரம்பிச்சதும் டீயும் பூவும் கலந்து குவிச்சுடுவாங்க. பூ உயிரோட இருக்கிறதால மூச்சு விடும், குவியல் உள்ள சூடேறும், நடுராத்திரில கலைச்சுப் பரப்பிச் சூடாத்தித் திரும்பக் குவிக்கணும், தூங்கிட்டா பூ வெந்து டீ நாறிடும். காலைல வாடின பூவைச் சலிச்சு எடுத்துட்டு, பூவோட ஈரத்தைக் குடிச்ச டீயைத் திரும்பக் காய வைப்பாங்க. இது ஒரு சுத்து. அடுத்து புதுப் பூ. நல்ல டீக்கு அஞ்சு, ஏழு சுத்துன்னு போகும். இந்த ஃபூசோ மல்லித் தோட்டமும் டீயும் 2014ல ஐ.நா.வோட உணவு, விவசாய அமைப்பு எஃப்ஏஓ வச்சிருக்கிற விவசாயப் பாரம்பரியப் பட்டியல்ல வந்துச்சு. இப்போ பூ உற்பத்தி பெரும்பகுதி குவாங்சில ஹெங்சோ பக்கம் போயிடுச்சு. பெய்ஜிங்காரங்க தலைமுறை தலைமுறையா குடிக்கிற டீ இதுதான், மல்லி வாசனைல வளந்த நமக்கு இதுல எந்த அறிமுகமும் தேவைப்படாது.

சாமந்திப் பூ டீ?

அது டீச்செடி இல்ல, பூவை ஊற வச்ச தண்ணி. கஃபீன் இல்ல, ராத்திரி குடிக்கலாம்.

பால், சர்க்கரை போடலாமா?

உங்க டீ, உங்க இஷ்டம், ஆனா லோங்ஜிங்ல பால் ஊத்தினா குடுத்த காசுல ஒண்ணுமே மிஞ்சாது. சீனாவுக்குள்ளயே பால் டீ பழக்கம் இருக்கு, திபெத்ல செங்கல் டீயைக் காய்ச்சி யாக் வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைஞ்சு குடிப்பாங்க, மங்கோலியர் பாலும் உப்பும் போடுவாங்க. காய்கறி விளையாத குளிர் மேட்டுல டீ அவங்களுக்கு அத்தியாவசியம், அதுக்காகத்தான் சிச்சுவான், யுன்னான்லேர்ந்து மலைப்பாதைல சுமை கட்டி டீ போச்சு, பதிலுக்குக் குதிரை வந்துச்சு. டார்க் டீல பால் ஊத்த ஆசைன்னா ஊத்திப் பாருங்க, தாங்கும்.

வீட்டுல எப்படிப் போடுறது? நிறைய சாமான் வாங்கணுமா?

வேண்டாம். ரெண்டு வழி இருக்கு. முதல் வழி, பெரிய கண்ணாடி டம்ளர்ல 2, 3 கிராம் இலை, வெந்நீர், மூணுல ரெண்டு பங்கு குடிச்சதும் திரும்ப வெந்நீர், சீனாவுல டாக்ஸி டிரைவர்லேர்ந்து வாத்தியார் வரைக்கும் இப்படித்தான் பிளாஸ்க்ல போட்டுக் குடிக்கிறாங்க. கிரீன், ஒயிட் ரெண்டுக்கும் இது போதும்.

ரெண்டாவது வழி சாவ்சோ பாணி கோங்ஃபு. 100லேர்ந்து 120 மில்லி பிடிக்கிற மூடி போட்ட பீங்கான் கிண்ணம், அதுக்குப் பேரு கைவான், அதுல 5 கிராம் டீ, தண்ணி ஊத்தி பத்து விநாடில வடிச்சுடணும். அடுத்த தடவை கொஞ்சம் கூட, இப்படியே ஊலோங், பு-எர்லாம் ஏழெட்டுத் தடவை வரும், ஒவ்வொரு தடவையும் ருசி நகந்துட்டே போகும், அதுதான் இதுல இருக்கிற சந்தோஷமே. வடிச்சதை ஒரு சின்ன ஜக்குல ஊத்தி அப்புறம் கப்புகளுக்குப் பிரிச்சா எல்லாருக்கும் ஒரே ஸ்ட்ராங்கா போகும். கப்பை நிரப்பாம பத்துல ஏழு பங்குதான் ஊத்தணும், தளும்பினா விருந்தாளி கை சுடும்.

சூடு விஷயத்துல கிரீன், யெல்லோ 80 டிகிரி வாக்குல, மொட்டு ஒயிட் டீ 85, 90, ஊலோங், பு-எர் நல்லாக் கொதிச்ச தண்ணி. தெர்மாமீட்டர் இல்லன்னா கொதிச்ச தண்ணியை வேற பாத்திரத்துக்கு மாத்திச் சில நிமிஷம் விடுங்க. கிரீன் டீ கசக்குதுன்னு சொல்ற பத்துல ஒம்பது பேரு கொதிக்கக் கொதிக்க ஊத்தி அஞ்சு நிமிஷம் விட்டிருப்பாங்க. உப்புத் தண்ணி, போர்வெல் தண்ணில எந்த டீயும் எடுபடாது, குடிக்கிற தண்ணியைத்தான் ஊத்தணும்.

யிஷிங் களிமண் டீப்பாட் வாங்கலாமா?

ஜியாங்சு மாகாணத்துல யிஷிங் ஊரு மண், மேல பூச்சு இல்லாம சுட்டது, டீ வாசனையை உறிஞ்சி வச்சுக்கும், அதனால ஒரு பாட்டுக்கு ஒரு வகை டீதான். அழகான பொருள். ஆனா மலிவா கிடைக்கிறதுல கலர் கலந்த மண்ணு, அச்சுல வார்த்ததுதான் அதிகம். உங்களுக்குப் பிடிச்ச டீ எதுன்னு தெரியுற வரைக்கும் கைவான் போதும்.

முதல் தண்ணியைக் கொட்டணுமா?

பு-எர், செங்கல் டீ, நல்லா வாட்டின ஊலோங்னா கொட்டலாம், தூசி போகும், இறுகின இலை இளகும். கிரீன் டீயைக் கொட்டாதீங்க, நல்ல ருசி முதல் தண்ணிலயே இறங்கிடும்.

உடம்பு இளைக்குமா? யாரு குடிக்கக் கூடாது?

டீ குடிச்சு மட்டும் இளைக்க முடியாது. ஸ்லிம்மிங் டீன்னு விக்கிறதுல பேதி மூலிகை கலந்திருக்கலாம், டப்பால என்ன எழுதிருக்குன்னு படிங்க. டீல இருக்கிற பாலிஃபீனால் சாப்பாட்டுல இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கிறதைக் குறைக்கும், முக்கியமா கீரை, பருப்புலேர்ந்து வர்ற இரும்பு. ரத்தசோகை இருக்கிறவங்க சாப்பாட்டோட குடிக்காம ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. நம்ம வீட்டுப் பெண்கள்ல ரத்தசோகை எவ்வளவு சகஜம்னு எல்லாருக்கும் தெரியும், அதனால இதை அழுத்திச் சொல்றேன். எல்லா வகைலயும் கஃபீன் இருக்கு, ஒயிட் டீல கம்மின்னு நம்பி ராத்திரி குடிக்க வேண்டாம், மொட்டுல கஃபீன் நல்லாவே இருக்கும். கர்ப்பமா இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. 65 டிகிரிக்கு மேல கொதிக்கக் கொதிக்க எதைக் குடிச்சாலும் உணவுக்குழாய்க்கு ஆகாதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016ல சொல்லிருக்கு, ஆற விட்டுக் குடிங்க.

எப்படி வைக்கிறது? சென்னை மாதிரி ஊர்ல கெட்டுப் போகாதா?

கிரீன், யெல்லோ, பச்சைப் பாணி தியே குவான் யின் மூணும் காத்துப் புகாத பையில கட்டி ஃப்ரிட்ஜ்ல, வெளிய எடுத்தா பை ரூம் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்கணும், இல்லன்னா இலைல ஈரம் கோத்துக்கும். ஒரு வருஷத்துக்குள்ள குடிச்சுடுங்க. சிவப்பு டீயும் வாட்டின ஊலோங்கும் டின்ல அலமாரில போதும். பு-எருக்கும் பழைய ஒயிட் டீக்கும் கொஞ்சம் காத்து வேணும், ஆனா நம்ம கடற்கரை ஊர் மழைக்காலத்துல வெளிய வச்சா பூஞ்சை பிடிக்கும், ஐப்பசி கார்த்திகைல பைல போட்டுக் கட்டிடுங்க. சமையலறை மட்டும் வேண்டவே வேண்டாம், தாளிப்பு, சாம்பார்ப் பொடி, சாம்பிராணி எல்லா வாசனையையும் டீ இழுத்துக்கும்.

முதல்ல எதை வாங்குறது?

ஒரே டீயைக் கால் கிலோ வாங்காம, நாலு வகையை 25 கிராம் வாங்குங்க. தியன் ஹோங், ஷோவ் மேய், வாட்டின தியே குவான் யின், ஒரு சாதாரண ஷூ பு-எர், இந்த நாலும் நடுத்தர விலைல நல்லாவே கிடைக்கும், கொஞ்சம் கைதவறினாலும் கசந்து போகாது. கிரீன் டீயை ஏப்ரல் மே மாசத்துல அந்த வருஷத்துதான்னு உறுதியா தெரிஞ்சா மட்டும் வாங்குங்க. பாக்கெட்ல ஊரு, பறிச்ச வருஷம், எந்த சீசன், ரகம் இதெல்லாம் எழுதிருக்கான்னு பாருங்க, இதைக் கேட்டா பதில் சொல்லாம ஆயிரம் வருஷ மரம், அரசர் குடிச்ச டீன்னு கதை சொல்ற கடைல வாங்க வேண்டாம். குடிச்ச பிறகு சக்கையைத் தட்டுல கொட்டி விரிச்சுப் பாருங்க, முழு இலையா, ஒரே அளவா, தொட்டா மெத்துனு இருக்கா, ஊலோங்னா ஓரத்துல அந்தச் சிவப்பு தெரியுதான்னு, அதுலேர்ந்து கடைக்காரர் சொன்னதுல எவ்வளவு உண்மைன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.